இரண்டு கிட்டார்களுக்கு நடுவில்: விமன் இசைக்குழுவின் குறுகிய காலம்

கனடாவின் கால்கரி நகரத்து இசைக்குழுவான விமன், தன் கடைசி ஆல்பத்தின் கடைசிப் பாடலாக வைத்தது ‘ஐசோர்’. அதன் பிற்பகுதியில் பாடும் குரல் விலகிக்கொள்ள, கிட்டார்கள் ஒரு சிறு சுற்றுக்குள் நுழைந்து அதையே திரும்பத் திரும்ப வாசித்தபடி இருக்கும். அந்தச் சுற்றைக் கற்றுக்கொள்ள நான் ஒரு மழைக்காலம் முழுவதையும் செலவிட்டேன். சுரங்கள் கடினமானவை அல்ல. சில நாட்களிலேயே விரல்கள் பழகிவிட்டன. ஆனாலும் நான் வாசித்தது அந்தப் பாட்டாக இல்லை. எழுத்தெல்லாம் சரியாக இருந்தும் வேறு யாரோ எழுதிய கடிதத்தைப் போல இருந்தது. பல வாரங்களுக்குப் பிறகு, எங்கள் அடுக்ககத்தின் மேல்மாடியில் வசித்த அலுவலக நண்பர் ஒருவர் தம்முடைய கிட்டாரை எடுத்துவந்து, நான் விட்டுவிட்ட இடங்களில் வேறொரு வரிசையை வாசித்தபோதுதான் எங்கே தவறினேன் என்பது புரிந்தது. இரண்டு கிட்டார்கள் சேர்ந்து வாசிக்கும் ஒன்றை ஒரே கிட்டாரின் மெட்டு என்று நினைத்து நான் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அந்த மாலைக்குப் பிறகு, இந்தக் குழுவைப் பற்றி வழக்கமாகச் சொல்லப்படும் கதை எனக்குப் போதாமல் போய்விட்டது. இரண்டு ஆல்பங்கள் வெளியிட்டார்கள், மேடையிலேயே அடித்துக்கொண்டு பிரிந்தார்கள், பதினாறு மாதங்களுக்குள் ஒருவர் இறந்துபோனார் என்பதே அந்தக் கதை. அதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் முடிவிலிருந்து தொடங்கிப் பின்னோக்கிச் சொல்லப்படுவதால், அந்த இசை ஒரு துயரத்துக்கு முன்னறிவிப்பு என்பதுபோல் ஆகிவிடுகிறது. அது நான்கு பேர் உட்கார்ந்து, யோசித்து, திருத்தி, மறுபடி வாசித்துச் செய்த வேலை. அந்த வேலையைப் பற்றித்தான் எழுத விரும்புகிறேன்.

குழு 2007இல் உருவானது. பாடியதோடு கிட்டாரும் வாசித்தவர் பேட்ரிக் ஃப்ளெகல். பேஸ் கிட்டார் அவருடைய சகோதரர் மேட் ஃப்ளெகல். மற்றொரு கிட்டார் கிறிஸ்டஃபர் ரைமர். டிரம்ஸ் மைக் வாலஸ். நால்வரும் ஏற்கெனவே ஒருவரையொருவர் நன்கு அறிந்தவர்கள். அந்த ஆண்டுகளில் கனடாவின் இண்டி ராக் (பெரிய நிறுவனங்களைச் சாராத ராக் இசை) என்றால் உலகம் மான்ட்ரியாலையும் டொராண்டோவையுமே பார்த்தது. ஆர்கேட் ஃபயர், புரோக்கன் சோஷியல் சீன் போன்ற குழுக்கள் மேடை நிறைய ஆட்களை நிறுத்தி, கூட்டமாகப் பாடி, கேட்பவரையும் அந்தக் கூட்டத்துக்குள் இழுத்துக்கொண்ட காலம் அது. கால்கரி அங்கிருந்து மூவாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால், ராக்கி மலைத்தொடருக்குக் கிழக்கே சமவெளி தொடங்கும் இடத்தில் இருக்கிறது. எண்ணெய் நிறுவனங்களின் தலைமையகங்களும், ஆண்டுதோறும் ஜூலையில் நடக்கும் ஸ்டாம்பீட் என்ற குதிரைவீரர் திருவிழாவுமே அதன் அடையாளங்கள். குளிர்காலத்தில் பூஜ்யத்துக்குக் கீழே இருபது பாகை, அதற்கும் கீழே என்று உறைந்து கிடக்கும் நகரத்தின்மீது, மலையிலிருந்து சினூக் என்ற வெப்பக்காற்று இறங்கி, சில மணி நேரத்துக்குள் பனியை உருக்கிவிட்டுப் போகும். பிறகு மறுபடியும் உறையும். ஊரின் தட்பவெப்பத்தைக் கொண்டு இசையை விளக்குவது எளிது என்பதாலேயே நான் அதை நம்புவதில்லை. ஆனால் தொலைவு வேறு. மேற்குக் கடற்கரையில் ஒரு கச்சேரி என்றால், வேனில் கருவிகளை ஏற்றிக்கொண்டு மலைகளைத் தாண்டி வான்கூவருக்கு ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டர் போக வேண்டும். கவனிக்க ஆளில்லாத இடத்தில், ஒருவர் வாசிப்பை மற்றவர் மட்டுமே கேட்டுக்கொண்டு வளர்ந்த குழு இது என்பதை அந்த இரண்டு கிட்டார்களும் நெருங்கி நடக்கும் விதத்தில் நான் உணர்கிறேன்.

குழுவின் பெயரிலேயே அவர்கள் வெளியாரின் கவனத்தைத் தேடாதது தெரிகிறது என்று நான் நினைக்கிறேன். நான்கு ஆண்கள் சேர்ந்து தங்களுக்குப் பெண்கள் என்று பெயர் வைத்துக்கொண்டு, அதைப் பற்றி மேற்கொண்டு எதையும் பெரிதாக விளக்காமல் வாசிக்கப் போய்விட்டார்கள்.

முதல் ஆல்பம், குழுவின் பெயரையே தலைப்பாகக் கொண்டு 2008இல் வந்தது. கால்கரியின் சிறு நிறுவனமான ஃப்ளெமிஷ் ஐ அதைக் கனடாவில் வெளியிட்டது. எல்லைக்கு அப்பால் ஜாக்ஜாகுவார் நிறுவனம் வெளியிட்டது. பதிவுசெய்தவர் அதே ஊரைச் சேர்ந்த பாடகரும் ஓவியருமான சாட் வான்கேலன். நான்கு மாத காலம், தம் வீட்டு நிலவறையிலும், திறந்தவெளியில் ஒரு பாலத்தடிக் குழாய்க்குள்ளும், தவழ்ந்து மட்டுமே போகக்கூடிய தரையடி இடுக்கிலும் வைத்து, பழைய டேப்ரெக்கார்டர்களிலும் தோளில் தூக்கிச்செல்லும் கேசட் பெட்டிகளிலும் அவர் பதிவுசெய்தார். இதைப் படித்துவிட்டுக் கேட்பவர்கள், பணமில்லாததால் ஒலி மங்கலாக இருக்கிறது என்று எண்ணிக்கொள்ளக்கூடும். உண்மையில் அந்த மங்கல் இடத்துக்கு இடம் மாறுகிறது. ஒரு பாட்டு சுவர்கள் நெருக்கும் அறைக்குள் ஒலிக்கிறது. அடுத்தது நீண்ட குழாயின் மறுமுனையிலிருந்து வருகிறது. அறை என்பதும் ஒரு வாத்தியம் என்பதை வான்கேலன் அறிந்திருந்தார்.

பத்துப் பாடல்கள், மொத்தம் அரை மணி நேரம். ‘உட்பைன்’ முழுவதும் நீளும் ஒரே முனகல்தான். அது அடங்கியதும் ‘பிளாக் ரைஸ்’ தொடங்குகிறது. இந்தக் குழுவைக் கேட்டிராத ஒருவருக்கு ஒரே ஒரு பாட்டைச் சொல்ல வேண்டுமானால் நான் இதைத்தான் சொல்வேன். 1960களின் பாப் பாடல்களுக்குரிய இனிமையான குரல் மேலே போகிறது. கீழே கிட்டார் அந்த இனிமைக்கு ஒத்துப்போகாமல், சற்றே புளித்த ஒரு சுரக்கூட்டத்தை அழுத்திக்கொண்டே இருக்கிறது. முதல் முறை கேட்கையில் சுருதி சேரவில்லையோ என்று தோன்றும். நான்காவது முறை, அந்தப் புளிப்பை எடுத்துவிட்டால் பாட்டே சரிந்துவிடும் என்பது விளங்கும். அதற்கு அடுத்துவரும் ‘சாக் ஹார்பர் பிரிட்ஜ்’ பாட்டில்லாத சிறு வாத்திய இசை. அதைப் பல ஆண்டுகள் நான் இரண்டு பாடல்களுக்கு இடையே விடும் மூச்சு என்று மட்டுமே எண்ணிக் கடந்துபோயிருந்தேன்.

அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு மனிதர் இருக்கிறார். ரே ஜான்சன் என்ற அமெரிக்கக் கலைஞர், படங்களையும் துணுக்குகளையும் வெட்டி ஒட்டித் தபாலில் அனுப்புவதையே தம் கலையாக வைத்திருந்தவர். நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்டில் லோகஸ்ட் வேலி என்ற ஊரில் வாழ்ந்தார். 1995 ஜனவரி 13 அன்று சாக் ஹார்பர் பாலத்திலிருந்து நீரில் குதித்து உயிரைவிட்டார். விமன் குழுவின் இரண்டாம் ஆல்பத்தில் ‘லோகஸ்ட் வேலி’ என்று ஒரு பாட்டும், ஜான்சனுடைய படைப்பு ஒன்றின் பெயரைத் தாங்கிய ‘வெனிஸ் லாக்ஜா’ என்ற பாட்டும் இருக்கின்றன. இரண்டு ஆல்பங்களிலும் சேர்த்து ஒரே மனிதரை மூன்று முறை நினைவுகூர்ந்திருக்கிறார்கள். அவருடைய சாவுதான் அவர்களை ஈர்த்தது என்று எழுதுபவர்கள் உண்டு. எனக்கு வேறொன்று முக்கியமாகப் படுகிறது. ஜான்சன் தாம் அனுப்பும் தாள்களில், இதில் எதையாவது சேர்த்துத் திருப்பி அனுப்புங்கள் என்று கேட்டுக்கொள்வார். பெற்றவர் ஒரு கோடு இழுப்பார், ஒரு சொல் எழுதுவார், திருப்பி அனுப்புவார். முடிந்த படைப்பு யாருடைய கையிலும் தனியாக இருப்பதில்லை. அனுப்பியவருக்கும் பெற்றவருக்கும் நடுவே போய்வந்துகொண்டிருக்கும். பேட்ரிக்கும் ரைமரும் வாசித்த முறைக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கத்தை நான் எங்கும் படித்ததில்லை.

ராக் குழுக்களில் இரண்டு கிட்டார்கள் இருந்தால், பொதுவாக ஒருவர் தாளத்தோடு சுரக்கூட்டங்களை வாசித்துத் தளம் போடுவார்; மற்றவர் அதன்மேல் மெட்டை வாசிப்பார். விமனில் இந்தப் பிரிவினை கிடையாது. ஒருவர் மூன்று சுரங்களை வாசித்து நிறுத்த, அந்த இடைவெளியில் மற்றவருடைய இரண்டு சுரங்கள் வந்து விழும். காதுக்குள் ஐந்து சுரங்களும் சேர்ந்து, இருவருமே வாசிக்காத ஒரு மெட்டாக உருவாகும். பாவும் ஊடையும் போல என்று சொல்லலாம். துணியைப் பார்க்கிறவர் நூலைத் தனியே பார்ப்பதில்லை. இதனால்தான் நான் தனியாக உட்கார்ந்து கற்றது பலிக்கவில்லை. இருவரில் ஒருவர் சற்றே அவசரப்பட்டாலும் மெட்டே மறைந்துவிடும். எனவே தன் விரல்களைவிட மற்றவர் விரல்களை அதிகம் கவனித்து வாசிக்க வேண்டியிருக்கும். நண்பரோடு வாசித்த முதல் நாளில், அரை மணி நேரத்துக்குள் இருவரும் களைத்துப்போனோம். அந்த அளவுக்கு ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது.

இரண்டாம் ஆல்பமான ‘பப்ளிக் ஸ்ட்ரெய்ன்’ 2010இல் வந்தது. அதையும் வான்கேலனே பதிவுசெய்தார். பதினொரு பாடல்கள். முதல் ஆல்பத்தில் முனகலும் இரைச்சலும் ஒருபுறம், மெட்டு மறுபுறம் என்று தனித்தனிப் பாடல்களாகக் கிடந்தவை இதில் ஒன்றுக்குள் ஒன்று கரைந்துவிட்டன. தொடக்கப் பாடலான ‘கான்ட் யூ ஸீ’யில் தந்திகளின் இழுவைக்கு அடியில் பேஸ் கிட்டார் மெல்ல நடக்க, குரல் எங்கோ தூரத்தில் கேட்கிறது. உடனே ‘ஹீட் டிஸ்ட்ராக்‌ஷன்’, நான்கு நான்காக எண்ணிக் கால் தட்டுகிறவரைத் தடுமாறவைக்கும் கணக்கில் பாய்கிறது; அங்கே மைக் வாலஸின் டிரம்ஸ் மட்டும்தான் கையைப் பிடித்து அழைத்துப்போகிறது. ‘நேரோ வித் த ஹால்’ பாட்டின் மேல் மூடியிருக்கும் இரைச்சலைப் பலர் குறையாகச் சொல்வதுண்டு. பனிமூட்டத்தில் எதிரே வருபவரின் முகம் தெரியும்வரை காத்திருப்பதுபோல் அந்தப் பாட்டைக் கேட்க வேண்டும் என்று அவர்களிடம் சொல்லியிருக்கிறேன். ‘பீனல் காலனி’யின் அமைதியும் ‘பெல்ஸ்’ பாட்டின் சொற்களற்ற நீட்சியும் கடந்தபிறகு வருகிறது ‘சைனா ஸ்டெப்ஸ்’. மேட் ஃப்ளெகலின் பேஸ் கிட்டார் ஒரே அடியை விடாப்பிடியாக எடுத்துவைக்க, கிட்டார்கள் இரண்டும் அதன்மீது உரசிக்கொண்டு போகின்றன. இந்த ஆல்பத்தை இசைந்து போகாத சுரங்களின் தொகுப்பு என்று விவரிப்பவர்கள், அதற்குள் எத்தனை மெட்டுகள் இருக்கின்றன என்பதை எண்ணிப் பார்த்ததில்லை என்றுதான் சொல்வேன். ‘வெனிஸ் லாக்ஜா’ ஒரு தாலாட்டு. அதற்கு அடுத்ததாக ‘ஐசோர்’.

‘ஐசோர்’ ஆறு நிமிடங்களுக்கும் மேல் நீள்கிறது. அதன் முற்பகுதி, அந்தக் குழு எழுதியவற்றிலேயே தயக்கமில்லாத பாட்டு. பிறகு கிட்டார்கள் நான் தொடக்கத்தில் சொன்ன சுற்றுக்குள் போகின்றன. அதில் உச்சம் கிடையாது, வேகம் கூடுவதில்லை, யாரும் முன்னால் வந்து தன் திறமையைக் காட்டுவதில்லை. இரண்டு பேர் ஒரே இடத்தில் நின்று, ஒருவர் விட்டதை ஒருவர் எடுத்து, மறுபடியும் கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். மூன்றாண்டுகளாக அவர்கள் தேடிக்கொண்டிருந்த இடத்துக்கு வந்துசேர்ந்துவிட்டார்கள் என்பதை அங்கே கேட்க முடிகிறது.

அந்த ஆல்பம் வெளிவந்த இலையுதிர்காலத்திலேயே குழு முடிந்துபோனது. தொடர்ச்சியான பயணத்தின் இறுதியில், 2010 அக்டோபர் மாதக் கடைசியில், பிரிட்டிஷ் கொலம்பியாவின் விக்டோரியா நகரில் நடந்த நிகழ்ச்சியின்போது மேடையிலேயே கைகலப்பு ஏற்பட்டது. மீதமிருந்த நிகழ்ச்சிகள் கைவிடப்பட்டன. அந்த இரவைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. மாதக்கணக்கில் ஒரே வேனில் பயணம் செய்து, குறைந்த பணத்தில், அந்நியர் வீட்டுத் தரைகளில் உறங்கி வாழ்ந்த இளைஞர்கள், அவர்களில் இருவர் சகோதரர்கள் என்பதற்கு மேல் அதில் நான் தேடுவதற்கு ஒன்றுமில்லை.

ரைமர் அதன்பின் சான் பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த தி டோடோஸ் குழுவோடு சேர்ந்து மேடைகளில் வாசித்தார். 2012 பிப்ரவரி 21 அன்று, தூக்கத்திலேயே இறந்துபோனார். வயது இருபத்தாறு. டோடோஸ் 2013இல் வெளியிட்ட ‘கேரியர்’ ஆல்பத்தில், அவரோடு சேர்ந்து வாசித்ததில் கற்றுக்கொண்டவை பதிந்திருக்கின்றன. மிகக் குறுகிய காலமே உடனிருந்த ஒருவர் ஒரு குழுவின் கிட்டார் வாசிப்பையே மாற்றிவிட்டுப் போனது எனக்கு வியப்பளிக்கவில்லை. கேட்டுக்கொண்டே வாசிப்பவர் பக்கத்தில் நின்றால், மற்றவரும் கேட்கத் தொடங்கிவிடுவார். ரைமர் தனியாகச் செய்து வைத்திருந்த பதிவுகளிலிருந்து ‘ஹலோ பீப்பிள்’ என்ற தொகுப்பை ஃப்ளெமிஷ் ஐ 2018இல் வெளியிட்டது. மெல்ல விரியும் ஒலிப்படலங்கள் அவை. ஒரு சுரம் எழும்பி, அது முழுவதுமாக மறையும்வரை அடுத்த சுரம் காத்திருக்கிறது. விமனின் பாடல்களில் இரைச்சலுக்கு அடியிலும் எனக்குக் கேட்ட அந்தப் பொறுமை யாருடையது என்று இந்தத் தொகுப்பைக் கேட்டபோதுதான் தெரிந்தது.

மேட் ஃப்ளெகலும் மைக் வாலஸும் வேறு இருவரோடு சேர்ந்து வியட் காங் என்ற குழுவைத் தொடங்கினார்கள். 2015 ஜனவரியில் வந்த அவர்களுடைய ஆல்பம் பெரும் பாராட்டைப் பெற்றது; கனடாவின் போலாரிஸ் இசைப் பரிசுக்கான இறுதிப் பட்டியலிலும் இடம்பெற்றது. வியட்நாம் போரில் சண்டையிட்ட கம்யூனிஸ்ட் கெரில்லாப் படையின் பெயர் அது என்பதால் எதிர்ப்பு எழுந்தது. அமெரிக்காவின் ஓபர்லின் கல்லூரியில் அவர்களுடைய நிகழ்ச்சி ரத்தானது. 2016இல் பிரியாக்குபேஷன்ஸ் என்று பெயரை மாற்றிக்கொண்டார்கள். போரில் உற்றாரை இழந்தவர்களுக்கு அந்தச் சொல் எதை நினைவூட்டும் என்று யோசிக்காமல் பெயர் வைத்தது பெரிய பிழை. எதிர்த்தவர்கள் சரியாகவே எதிர்த்தார்கள். இசையைப் பொறுத்தவரை, அந்த ஆல்பத்தின் கடைசிப் பாட்டு பதினொரு நிமிடம் நீள்கிறது, பெயர் ‘டெத்’. ஒரே சுரக்கூட்டத்தை டிரம்ஸும் கிட்டார்களும் தாங்க முடியாத அளவுக்குத் திரும்பத் திரும்ப அடிக்கும் ஒரு பகுதி அதில் வருகிறது. அது ரைமருக்காக எழுதப்பட்டது என்று நான் சொல்லவில்லை. அதைக் கேட்கும்போது அவரை நினையாதிருக்க என்னால் முடிவதில்லை, அவ்வளவுதான். ‘ஐசோர்’ முடிவும் திரும்பத் திரும்ப வருவதுதான். ஆனால் அங்கே இருவர் கொடுத்து வாங்குகிறார்கள். இங்கே எல்லோரும் சேர்ந்து ஒரே கதவை இடிக்கிறார்கள்.

பேட்ரிக் ஃப்ளெகல் எதிர்த்திசையில் போனார். பெண்வேடம் பூண்டு மேடையேறும் சிண்டி லீ என்ற பாத்திரத்தை உருவாக்கி, அந்தப் பெயரிலேயே ஆல்பங்களை வெளியிடத் தொடங்கினார். 1960களின் பெண் குழுக்களுடைய பாடல்களில் இருந்த ஏக்கமும், காதைக் கிழிக்கும் கிட்டார் இரைச்சலும் அவற்றில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன. பல ஆண்டுகள் அவற்றைக் கேட்டவர்கள் சிலரே. 2024 மார்ச் இறுதியில் ‘டயமண்ட் ஜூபிலி’ வந்தது. முப்பத்திரண்டு பாடல்கள், இரண்டு மணி நேரம். வெளிவந்தபோது வழக்கமான ஸ்ட்ரீமிங் செயலிகள் எதிலும் அது இல்லை. யூடியூபில் ஒரே நீண்ட பதிவாகவும், பழங்காலத் தோற்றமுடைய ஒரு சாதாரண இணையப் பக்கத்தில் பதிவிறக்கமாகவும் மட்டும் கிடைத்தது. விரும்பியவர்கள் முப்பது கனடிய டாலர் அனுப்பலாம் என்று குறிப்பிட்டிருந்தார்கள். இசை விமர்சன இணையதளமான பிட்ச்ஃபோர்க் பத்துக்கு 9.1 மதிப்பெண் கொடுத்தது. போலாரிஸ் இறுதிப் பட்டியலிலும் இடம்கிடைத்தது. பதினான்கு ஆண்டுகள் கழித்து, அந்த ஆல்பத்தின் வழியாகத் திரும்பி நடந்துவந்து பலர் விமனைக் கண்டுபிடித்தார்கள்.

‘டயமண்ட் ஜூபிலி’ அழகான ஆல்பம். அதிலும் கிட்டார்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. ஆனால் பெரும்பாலான இடங்களில் ஒரே மனிதர் முதலில் ஒரு வரிசையை வாசித்துப் பதிவுசெய்து, பிறகு அதற்குப் பதிலையும் தாமே வாசித்திருக்கிறார். அதில் தவறே நேர முடியாது. கேள்வி கேட்டவருக்கு என்ன பதில் வேண்டும் என்பது பதில் சொல்பவருக்கு முன்பே தெரியும். விமனின் பதிவுகளில் அப்படித் தெரியாது. ரைமருடைய சுரம் எதிர்பார்த்ததற்கு இம்மியளவு தாமதமாக வந்து விழும் இடங்கள் இருக்கின்றன. அடுத்த சுற்றில் பேட்ரிக் அந்தத் தாமதத்துக்கு இடம்விட்டு வாசிக்கிறார். அந்தச் சிறு நகர்வுதான் எனக்கு அந்த இரண்டு ஆல்பங்களையும் ஈடில்லாதவையாக ஆக்குகிறது. அதை ஒருவர் தனியாகச் செய்துகொள்ள முடியாது.

மேல்மாடி நண்பர் இரண்டாண்டுகளுக்கு முன் வேலை மாற்றலாகி வேறு ஊருக்குப் போய்விட்டார். கிட்டாரை நான் இப்போது அதிகம் எடுப்பதில்லை. ‘ஐசோர்’ பாட்டை மட்டும் அவ்வப்போது இரவில் ஹெட்ஃபோனில் கேட்கிறேன். கடைசிப் பகுதி வரும்போது, இன்று ஒரு கிட்டாரை மட்டும் விடாமல் பின்தொடர்வது என்று முடிவு செய்துகொண்டு கண்ணை மூடுகிறேன். மூன்று சுற்று, நான்கு சுற்று வரை பிடித்துக்கொண்டிருக்கிறேன். பிறகு எந்த இடத்தில் என்று தெரியாமலே மற்ற கிட்டாருக்கு மாறிவிட்டிருக்கிறேன்.